பிளக்கைப் பார்த்து இன்ஜின் கோளாறை அறிவது எப்படி

பைக் இழுக்கவில்லை, காலையில் எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதே பலரின் வழக்கம். அதனால் சில நாள் வண்டி ஒழுங்காக ஓடலாம்; ஆனால் பிளக்கைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருப்பதால் அதே தொல்லை திரும்ப வரும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய நான்கு ஸ்ட்ரோக் பைக்கில், கழற்றிய பிளக்கின் முனையே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

நெடுநேரம் ஐட்லிங்கில் ஓடிய இன்ஜினின் பிளக்கில் கரி படிந்து உண்மை நிலை மறைந்துவிடும். எனவே எட்டு, பத்து கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கில் சுவிட்சால் இன்ஜினை அணைத்து, வண்டியை அப்படியே ஓரங்கட்ட வேண்டும். கில் சுவிட்ச் இல்லாத வண்டியில் சாவியை ஆஃப் வரை மட்டுமே திருப்பலாம். அதைத் தாண்டினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளக்கூடும். பிளக் திருகப்பட்டிருக்கும் ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) அலுமினியம் என்பதால் சூட்டோடு கழற்றினால் மரை உரியும். நன்றாக ஆறவிட்டு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள்.

பார்க்க வேண்டியது நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கை. அது இளம் பழுப்பாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் குறையில்லை. அடர்ந்த பழுப்புதான் சரியான நிறம் என்பது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு; இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல்தான் கிடைக்கிறது என்பதால், நிறம் வெளிறியிருப்பதை மட்டும் வைத்துக் கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகத் தொடங்காதீர்கள்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால், பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. குளிரில் கிளப்ப இழுக்கும் சோக் முழுதும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்புரேட்டரைத் தொட வேண்டும். மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டி அந்தச் சூட்டை எட்டாததால், இன்ஜினில் குறையே இல்லாமலும் கரி படியும்.

பிளக் நனைந்திருந்தால் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வந்தும் பொறி விழாமல் இருக்கலாம். பிளக் கேப்பையும், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலையும் சோதிக்க வேண்டும். பிசுபிசுப்பான கறுப்பு எண்ணெய் என்றால், எண்ணெய் உள்ளே வராமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். காலையில் கிளம்பும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால் சீலையும், ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கையும், பிஸ்டன் ஓடும் உருளையான போரையும் முதலில் சந்தேகிக்கலாம். இதற்குப் புது பிளக் மருந்தாகாது.

மூக்கு சுண்ணாம்பாக வெளுத்து, கொப்புளம் கண்டு, கம்பியின் விளிம்பு உருகியிருப்பதே இவற்றில் ஆபத்தானது. முனை 800 டிகிரிக்கு மேல் போனால் பொறி விழுமுன்பே கலவை எரியத் தொடங்கி, பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நுழையும் காற்று கலவையை மெலியச் செய்யும். பிளக் சூட்டை எவ்வளவு விரைவில் வெளியேற்றும் என்பதைக் காட்டும் வெப்ப எண்ணும் தவறியிருக்கலாம்: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை, பாஷில் அதற்கு நேரெதிர் என்பதால் வேறு கம்பெனி பிளக்கை எண் பார்த்து மாற்றுவது தவறு. பீங்கானில் மின்னும் உலோகப் புள்ளிகள் தெரிந்தால் அவை பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம். வண்டியை ஓட்டாமல் ஹெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது பீங்கானை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறலில் கரி எளிதில் படியும். நடுக்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் உள்ள இடைவெளியை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வெளிக்கம்பியை மட்டும் வளைத்துச் சரிசெய்து, கையால் முழுதும் திருகிய பின், புது வாஷர் என்றால் அரைச் சுற்றும், பழையது என்றால் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஸ்பேனரால் இறுக்கினால் போதும்.