கரூர்ல இருந்து முதல் எக்ஸ்போர்ட்: 5,000 டவல் கப்பல் ஏறுற வரைக்கும், படிப்படியா

எங்க தெருவுல ஆறு தறி ஓட்டுற ஒரு தம்பி போன வாரம் வந்து கேட்டான், "அண்ணா, நாங்க நெய்யுறது எல்லாம் ஃபாரின் தான் போகுது, ஆனா எல்லாம் அடுத்தவன் பேர்ல போகுது, நானே நேரா அனுப்ப முடியாதா?"ன்னு. முடியும்டா, ஆனா டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லன்னு சொல்லிட்டு, அவனுக்கு சொல்ல வேண்டியதை இங்க எழுதுறேன். நான் கரூர்ல பத்து வருஷம் மெர்ச்சண்டைசரா இருந்துட்டு அப்புறம் சொந்தமா சின்னதா ஆரம்பிச்சவன், அதனால உதாரணம் எல்லாம் கிச்சன் டவல்தான். பொள்ளாச்சி காயரோ ஈரோடு மஞ்சளோ உங்க சரக்கு எதுவா இருந்தாலும் வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஏற்றுமதி கவுன்சில் பேரும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் மட்டும் மாறும்.

முதல்ல உங்க ஊரை எண்ணிப் பாருங்க

இது ஏதோ பேச்சுக்கு சொல்றதுன்னு நினைக்காதீங்க. அமராவதி ஆத்து மணல்ல ரோமானிய காசு கிடைச்ச ஊரு இது, வெளிநாட்டு வியாபாரம் நமக்கு புதுசு இல்ல. 1916ல கரூர் வைஸ்யா பேங்க், 1926ல லட்சுமி விலாஸ் பேங்க்னு ரெண்டு பேங்க் இந்த ஒரே ஊர்ல முளைச்சது (லட்சுமி விலாஸ் 2020ல டிபிஎஸ் கூட சேர்ந்துடுச்சு, அது வேற கதை). வியாபாரிக்கு கடன் கொடுக்கிற பழக்கம் இருந்த ஊர்லதான் தறியும் சாயமும் தையலும் பக்கத்துல பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு.

ஒரு நோட்டு எடுத்து எழுதுங்க: நூல் யார்கிட்ட, சாயம் யார்கிட்ட, ஜாப் வொர்க்குக்கு (கூலிக்கு நெய்ய) தறி யாரு, தையல் யூனிட் எது, அட்டைப்பெட்டி யாரு, லேபிள் யாரு. இந்த ஆறு பேரும் பைக்ல அரை மணி நேரத்துல போற தூரத்துல இருந்தா உங்களுக்கு பாதி முதலீடு மிச்சம், ஏன்னா ஃபேக்டரி கட்ட வேண்டாம், ஊரே ஃபேக்டரி. பையர் "கெபாசிட்டி என்ன"ன்னு கேட்டா உங்க ஆறு தறியை மட்டும் சொல்லாம, ஜாப் வொர்க் வாங்குற தறியையும் சேர்த்து சொல்லலாம், ஆனா ஜாப் வொர்க்னு ஒத்துக்கிட்டு சொல்லுங்க, ஆடிட் வரும்போது மாட்டிக்காதீங்க.

ஒரே ஒரு சரக்கு, அதோட ஹெச்எஸ் கோடு

புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு, கேட்லாக்ல டவல், பெட்ஷீட், கர்ட்டன், கொசுவலைன்னு எல்லாத்தையும் போடுறது. ஒண்ணு போடுங்க போதும்.

அதோட ஹெச்எஸ் கோடை, அதாவது கஸ்டம்ஸ்ல சரக்கை வகைப்படுத்துற எண்ணை, கண்டுபிடிங்க. முதல் 6 எண் உலகம் பூரா ஒண்ணு, இந்தியாவுல 8 எண் எழுதுவோம். காட்டன் கிச்சன் டவல் டெர்ரி துணியா இருந்தா 630260, சாதா நெசவுன்னா 630291. டவல் கூட செட்டா ஏப்ரன் கேட்டாங்கன்னா அது ஆடை கணக்குல வேற சேப்டருக்கு போயிடும், வரியும் மாறிடும். பையரோட நாட்டு டியூட்டி, நமக்கு கிடைக்கிற சலுகை எல்லாம் இந்த எண்ணை வச்சுத்தான்.

பேப்பர் வேலை

பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல, வரிசையா போனா ரெண்டு மூணு வாரம்.

பான், ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட் இருக்கணும். அப்புறம் டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக துறை) வெப்சைட்ல ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி கோடு, ஃபீஸ் 500 ரூபாய், எண் உங்க பான் எண்ணேதான். இதுக்கு ஏஜெண்ட்னு ஒருத்தர் 5,000 கேப்பாரு, கொடுக்காதீங்க, நீங்களே போடலாம். பேங்க்ல ஏடி கோடு (ஃபாரின் காசு வாங்குற பேங்க் கிளையோட எண்) லெட்டர் வாங்கி எந்த போர்ட் வழியா அனுப்புறீங்களோ அதுக்கு கஸ்டம்ஸோட ஐஸ்கேட் தளத்துல பதியணும், நமக்கு தூத்துக்குடி. ஜிஎஸ்டி தளத்துல எல்யூடி, அதாவது உறுதிமொழி, போட்டுட்டா ஐஜிஎஸ்டி கட்டாம அனுப்பலாம், ஆனா அது ஒரு நிதியாண்டுக்குத்தான், ஏப்ரல்ல மறுபடியும் போடணும்.

அடுத்து கவுன்சில் மெம்பர்ஷிப், ஆர்சிஎம்சின்னு சொல்லுவாங்க. கைத்தறின்னா சென்னையில இருக்கிற ஹெச்இபிசி, மில், பவர்லூம் காட்டன் துணின்னா டெக்ஸ்ப்ரோசில், காயர்னா கொச்சி காயர் போர்டு, மசாலான்னா ஸ்பைசஸ் போர்டு. எல்லாரும் இதை வெறும் சர்டிஃபிகேட்னு நினைச்சு ஃபைல்ல போட்டுடுறாங்க. என்னைக் கேட்டா இதுதான் பையர்கிட்ட போற வாசல், எப்படின்னு கீழ சொல்றேன்.

எந்த நாடு?

எல்லாரும் அமெரிக்கான்னுதான் ஆரம்பிப்பாங்க. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து இந்திய சரக்கு மேல கூடுதல் வரி 50% ஆனப்போ, ஒரே நாட்டை நம்பி இருந்த யூனிட் எல்லாம் எப்படி தவிச்சதுன்னு திருப்பூர், கரூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அதனால ரெண்டு நாடு வச்சுக்கோங்க, முதல் ஆர்டர்லயே இல்லன்னாலும் தேடும்போதே.

நம்ம கூட வர்த்தக ஒப்பந்தம் இருக்கிற நாடா பாருங்க. துபாய் பக்கம் ஒப்பந்தம் 2022 மே 1ல இருந்து நடைமுறையில இருக்கு, ஆஸ்திரேலியா கூட 2022 டிசம்பர் 29ல இருந்து. ஆஸ்திரேலியாவுல 5% டியூட்டி இருந்த துணி சரக்குக்கு இப்ப நம்ம ஊர் சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் (சரக்கு எந்த நாட்டுல செஞ்சதுன்னு சொல்ற சான்று) கூட போனா டியூட்டி இல்ல. இதை பையருக்கு முதல் மெயில்லயே சொல்லுங்க, அவனுக்கு மிச்சமாகுற காசு அது, ஆனா பல பேரு சொல்றதே இல்ல. ஐரோப்பாவுல பாகிஸ்தான்காரங்களுக்கு 2014ல இருந்து ஜிஎஸ்பி ப்ளஸ்ங்கிற வரிச் சலுகை இருக்கு, அங்க போய் வெறும் விலையை மட்டும் வச்சு மோதாதீங்க, டிசைன், சின்ன குவான்டிட்டி, சொன்ன தேதின்னு வேற எதாவது கையில இருக்கணும்.

பையரை தேடுறது

ஜனவரி வந்தா ஜெர்மனி ஃப்ராங்க்ஃபர்ட்ல ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி, வீட்டு துணி வியாபாரத்துக்கு அதுதான் திருவிழா. தனியா ஸ்டால் போட்டா கட்டுப்படி ஆகாது, கவுன்சில் மூலமா இந்தியா பெவிலியன்ல சேர்ந்து போனா அரசாங்க உதவி கொஞ்சம் கிடைக்கும், மேல சொன்ன வாசல் இதுதான். முதல் வருஷம் ஸ்டாலே வேண்டாம், சும்மா விசிட்டரா போய் யார் என்ன வாங்குறாங்கன்னு பாத்துட்டு வாங்கன்னு கூட சொல்லுவேன். போக முடியலன்னா அந்த நாட்டு இந்திய தூதரகத்துல கமர்ஷியல் பிரிவு இருக்கும், அவங்களுக்கு மெயில் போட்டு இறக்குமதியாளர் லிஸ்ட் கேளுங்க, பதில் மெதுவா வரும், ஆனா வரும்.

மெயில் எழுதும்போது "நாங்கள் முன்னணி ஏற்றுமதியாளர்"ன்னு பிளேடு போடாதீங்க, தினமும் அவங்களுக்கு அந்த மாதிரி நூறு வருது. அவங்க கடையில விக்கிற ஒரு டவலை பாத்து, இதே அளவு, இதே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம்), எங்களால இந்த விலைக்கு இத்தனை நாள்ல முடியும்னு நாலு வரி, ஒரு போட்டோ. நான் அனுப்பின அறுபது மெயில்ல பதில் வந்தது மூணு, ஆர்டர் ஆனது ஒண்ணு, அது சாதாரணம்தான்.

"ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, ஒரு கோடி ஆர்டர் தர்றோம்"னு வந்தா அழிச்சிட்டு வேலையை பாருங்க.

சேம்பிள், இங்கதான் நான் மாட்டினேன்

என் முதல் பையர் கேட்டது 50க்கு 70 சென்டிமீட்டர். நான் தறியில இருந்து வந்ததை சரியா 50க்கு 70 வெட்டி, தைச்சு, அயர்ன் போட்டு அனுப்பிட்டேன், பாக்க அவ்ளோ அழகு. பத்து நாள் கழிச்சு ஒரு மெயில், அதுல எழுத்தே இல்ல, ஒரு போட்டோ மட்டும்: மரமேஜை மேல நம்ம டவல், அது மேல ஒரு மரஸ்கேல், 66ல துணி முடிஞ்சு மேஜை தெரியுது. ஒரு வாஷ் போட்டு பாத்திருக்காங்க. காட்டன் சுருங்கும்னு எனக்கு தெரியாதா என்ன, தெரியும், ஆனா வாஷ் பண்ணி அளக்கணும்னு தோணல.

அதுக்கப்புறம் பண்றது இதுதான்: மூணு பீஸ் தைச்சு, மூணையும் வாஷ் போட்டு, காயவச்சு அளந்து, எவ்ளோ சுருங்குதோ அவ்ளோ கூட்டி வெட்டுறது. அப்படி வெட்டின சேம்பிள்ல ரெண்டு பீஸ் அனுப்பி ஒண்ணை நம்மகிட்ட தேதி எழுதி சீல் போட்டு வச்சுக்கணும், நாளைக்கு "இது சேம்பிள் மாதிரி இல்ல"ன்னு பேச்சு வந்தா எடுத்து வைக்க. கலருக்கு லேப் டிப் (சாயம் போட்டுப் பாத்த சின்ன மாதிரி) அனுப்பி பையர் ஓகே சொன்ன மெயில் வராம நூலை சாயத்துக்கு போடாதீங்க.

சாயத் தண்ணி எங்க போகுதுன்னும் கேப்பாங்க. சாயக்கழிவால அமராவதி ஆறு என்ன ஆச்சுன்னு நமக்கு தெரியும், 2011ல திருப்பூர் சாயப்பட்டறைகளை ஹைகோர்ட் மூடச் சொன்னதும் தெரியும். சுத்திகரிப்பு ஒழுங்கா பண்ற சாயப்பட்டறைக்கு கிலோவுக்கு கொஞ்சம் கூட போனாலும் அங்கயே கொடுங்க.

விலை போடுறது

இதை பேப்பர்ல போட்டு காட்டுறேன், ரேட் எல்லாம் கணக்குக்கு வச்சது, உங்க ரேட்டை போட்டுக்கோங்க. 50க்கு 70, 200 ஜிஎஸ்எம். 0.5 பெருக்கல் 0.7 பெருக்கல் 200, ஒரு டவல் 70 கிராம். வேஸ்ட் சேர்த்து 74 கிராம் நூல். சாயம் போட்ட நூல் கிலோ 350ன்னா 26 ரூபாய். நெசவு 8, வெட்டி தைக்க 5, வாஷ், அயர்ன், லேபிள், பேக்கிங் 5. மொத்தம் 44. தூத்துக்குடி வரைக்கும் லாரி, போர்ட் செலவு 3. பேங்க் சார்ஜ், வட்டி, ரிஜெக்ட் ஆகுற பீஸ் எல்லாத்துக்கும் 3. ஆக 50 ரூபாய் அடக்கம். 10% லாபம் வச்சா 55. டாலர் 88 ஓடுதுன்னா 85ல கணக்கு போடுங்க, 65 சென்ட் வரும். இது எஃப்ஓபி தூத்துக்குடி விலை, அதாவது கப்பல்ல ஏத்துற வரைக்கும் நம்ம செலவு, அதுக்கு மேல கப்பல் வாடகை பையரோடது.

பையர் 58 சென்ட் கேப்பாரு. 85ல பெருக்கினா 49 ரூபாய் 30 காசு. அடக்கத்துக்கே கீழ. "முதல் ஆர்டர்தானே, போகட்டும்"னு ஒத்துக்காதீங்க, அடுத்த ஆர்டருக்கு அவரு 58ல இருந்துதான் பேச்சையே ஆரம்பிப்பாரு. விலையை குறைக்கிறதுக்கு பதிலா ஜிஎஸ்எம் 180 போடலாமா, நாலு கலரை ரெண்டு கலராக்கலாமான்னு கேளுங்க. கலர் குறைஞ்சா பாவு (தறியில நீளவாக்குல கட்டுற நூல்) குறையும், தறிக்காரருக்கும் லேசு.

காசு வாங்குறது

5,000 டவல் மாதிரி சின்ன ஆர்டருக்கு 30% அட்வான்ஸ், மீதி 70% பிஎல் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது) ஸ்கேன் காப்பி காட்டினதும், ஒரிஜினல் பிஎல் காசு வந்த பிறகு. இது வழக்கத்துல இருக்கிறதுதான், கேக்க கூச்சப்படாதீங்க. கடனுக்கு கேட்டா இசிஜிசில (ஏற்றுமதி கடனுக்கு இன்சூரன்ஸ் தர்ற அரசு நிறுவனம்) அந்த பையர் பேர்ல லிமிட் போட்டு பாலிசி எடுத்துட்டு கொடுங்க, பையர் கவுந்தாலும் பெரும்பகுதி காப்பாத்தும்.

எல்சி (பையரோட பேங்க் தர்ற பண உத்தரவாதம்) வந்தா வரி வரியா படிங்க. எனக்கு வந்த எல்சில "கிச்சன் டவல்"னு இருந்துச்சு, ஆஃபீஸ்ல பழக்கதோஷத்துல இன்வாய்ஸ்ல "டீ டவல்"னு அடிச்சுட்டாங்க. சரக்கு ஒண்ணுதான், ஆனா பேங்க்குக்கு எழுத்துதான் சரக்கு. டிஸ்கிரெபன்சி, அதாவது பேப்பர் ஒத்துப்போகலன்னு சொல்லி டாலர்ல ஃபைன் பிடிச்சுட்டு, பையர் சம்மதிச்சாத்தான் காசுன்னு நிறுத்திட்டாங்க, பையர் நல்ல மனுஷன், விட்டுட்டாரு.

இன்னொண்ணு, நடுவுல "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு உங்க பேர்லயே பையருக்கு எவனோ மெயில் போடுவான். அக்கவுண்ட் மாத்தம்னா போன்ல என் குரல்ல கேட்டாத்தான்னு முதல்நாளே பையர்கிட்ட பேசி வச்சுக்கோங்க.

அனுப்புறது

ஒரு பெட்டிக்கு 200 டவல், பெட்டி 60க்கு 40க்கு 30 சென்டிமீட்டர். ஒரு பெட்டி 0.072 சிபிஎம் (கன மீட்டர்), 25 பெட்டி 1.8 சிபிஎம். 20 அடி கண்டெய்னர்ல தாராளமா 28 சிபிஎம் பிடிக்கும், நம்ம சரக்கு ஒரு மூலைக்கு கூட காணாது, அதனால எல்சிஎல், அதாவது பல பேரு சரக்கோட சேர்ந்து போறது. மழைக்காலம்னா பெட்டிக்குள்ள பாலித்தீன் லைனர் கட்டாயம். மரப்பலகை மேல அடுக்கினா அது மருந்தடிச்சோ சூடுபடுத்தியோ முத்திரை குத்தின பலகையா இருக்கணும், இல்லன்னா அந்த நாட்டுல இறக்க விடமாட்டாங்க.

கஸ்டம்ஸ் வேலைக்கு சிஹெச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜெண்ட்) ஒருத்தரை பிடிங்க, இதுல மட்டும் சிக்கனம் வேண்டாம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் கொடுத்தா அவரு ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸுக்கு கொடுக்கிற ஏற்றுமதி விண்ணப்பம்) போடுவாரு. டிராபேக் மாதிரி, கட்டின வரியை திருப்பி வாங்குற சலுகை எல்லாம் ஷிப்பிங் பில்லுலயே கிளெய்ம் பண்ணியிருக்காரான்னு ட்ராஃப்ட்ல பாருங்க, விட்டுட்டு அப்புறம் திருத்த அலையுறது பெரிய தலைவலி. சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் ஆன்லைன்லயே எடுக்கலாம்.

சரக்கு போனதுக்கு அப்புறம்

நிறைய பேரு இங்க காணாம போயிடுவாங்க, பையர் மெயில் போட்டாத்தான் பதில். நீங்க கப்பல் கிளம்பின அன்னைக்கு ஒரு மெயில், போய் சேர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, பிரிச்சு பாத்தீங்களா, எதாவது குறை இருக்கான்னு ஒண்ணு போடுங்க. அந்த ஸ்கேல் போட்டோ அனுப்பின பையருக்கு நான் திருத்தின சேம்பிளை நாலே நாள்ல அனுப்பி, கூடவே அதே மாதிரி ஸ்கேல் வச்சு வாஷுக்கு அப்புறம் எடுத்த போட்டோவும் அனுப்பினேன், இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை அவருகிட்ட இருந்து ஆர்டர் வருது. ரெண்டாவது ஆர்டர் என் கெபாசிட்டிக்கு மேல போச்சு, பக்கத்துல இருக்கிற தறிக்காரங்களோட பிரிச்சுக்கிட்டேன், அந்த தறி தம்பியும் அதுல ஒருத்தன்தான்.

காசு வந்ததும் பேங்க்ல இருந்து வந்த ரெமிட்டன்ஸ் விவரத்தை வச்சு டிஜிஎஃப்டி தளத்துல இ-பிஆர்சி (ஏற்றுமதி காசு வந்ததுக்கான சான்று) எடுத்து ஷிப்பிங் பில்லோட இணைச்சிடுங்க. அப்புறம் ஐஇசியை வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன் 30க்குள்ள, ஒரு மாத்தமும் இல்லன்னாலும், உள்ள போய் கன்ஃபர்ம் பண்ணணும், மறந்தா கோடு செயலிழந்துடும், பெட்டி லாரியில ஏறின அன்னைக்குத்தான் அது தெரியும். இப்பவே போன்ல அலாரம் வச்சுக்கோங்க.