குளோபஸ் வழியாக சூப்பர் கம்ப்யூட்டருக்கு டேட்டா அனுப்புவது: லினக்ஸில் வெளி டிஸ்க் தெரியவில்லையா?

நிரல் (கோட்), சின்னச் சின்ன ஃபைல்களுக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளை) போதும். நூறு ஜிபியைத் தாண்டினால், பெரிய டேட்டாவை அனுப்பும் சேவையான குளோபஸ்தான். இணைப்பு அறுந்தால் தானே தொடரும், பிரவுசரை மூடிவிட்டுப் போகலாம். கணினி விஞ்ஞானிகள் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன் குழு 1990களில் தொடங்கிய கிரிட் மென்பொருளிலிருந்து (பல இடங்களில் உள்ள கணினிகளை இணைப்பது) வந்தது இது. டிஜிட்டல் சான்றிதழ்களோடு மல்லாட வைத்த பழைய குளோபஸ் டூல்கிட்டுக்கான ஆதரவு 2018இல் நின்றது. அதற்கான பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள்.

குளோபஸ் வலைத்தளத்தில் உங்கள் நிறுவனக் கணக்கால் லாகின் செய்து, குளோபஸ் கனெக்ட் பெர்சனல் என்ற மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, அதற்கொரு பெயர் வையுங்கள். அந்த வலைத்தளத்தின் ஃபைல் மேனேஜரில் ஒரு பக்கம் அதையும், மறுபக்கம் கணினி மையத்தின் கலெக்‌ஷனையும் (குளோபஸ் வழியாகத் திறக்கும் அதன் சேமிப்பிடம்) திறக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இனிதான். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டர் மட்டுமே இயல்பாகத் தெரியும். வெளி டிஸ்க் தெரியாது. டிஸ்க்கில் கோளாறு இல்லை, அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். ஹோமில் மறைந்திருக்கும் 'டாட் குளோபஸ்ஆன்லைன்' ஃபோல்டருக்குள் 'எல்டிஏ', அதற்குள் 'கான்ஃபிக்-பாத்ஸ்' ஃபைல் (~/.globusonline/lta/config-paths). அதில் ஒரு வரி சேருங்கள்: டிஸ்க்கின் முழுப் பாதை, கமா, 0, கமா, 1. நடு எண் பகிர்வுக்கு, கடைசி எண் எழுதும் அனுமதிக்கு. டிஸ்க்கிலிருந்து அனுப்ப மட்டும் என்றால் கடைசியிலும் 0 போடுங்கள். மூல டேட்டா பத்திரமாக இருக்கும். சேமித்த பின் மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இதை விட்டால் எதுவும் மாறாது. விண்டோஸ், மேக்கில் இதே வேலைக்கு அமைப்புகளில் 'ஆக்சஸ்' பகுதி இருக்கிறது.

அனுப்பும் முன் 'சிங்க்' தேர்வில் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டை வைத்தால், இரண்டாம் முறை மாறிய ஃபைல்கள் மட்டும் போகும். ஆனால் ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படிப்பதால் நேரம் பிடிக்கும். அனுப்பியபின் சரிபார்க்கும் தேர்வு ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும், அணைக்காதீர்கள்.

லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றால் முதலில் அவற்றை ஒரே 'டார்' (tar) ஃபைலாகக் கட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி வேலை இருப்பதால் வேகம் படுத்துவிடும்.

சேர்க்கை: பாதியில் நின்றால் மூன்றைப் பாருங்கள். லேப்டாப் தூங்கிவிட்டதா? மையத்தின் லாகின் காலாவதியானதா? மறுபடி லாகின் செய்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். வளாக ஃபயர்வால் வெளிச்செல்லும் 50000–51000 டிசிபி போர்ட்களை அடைத்திருக்கிறதா? அப்படியானால் நெட்வொர்க் நிர்வாகியிடம் இந்த எண்களையே எழுதிக் கொடுங்கள்.