ஜீப்பை உயர்த்துமுன்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறக்கும்வரை கொழும்பில் கைமாறியதெல்லாம் பழைய ஜீப்புகள்தான். அப்படி ஒரு பஜெரோவோ ஹைலக்ஸோ கையில் கிடைத்த பொடியன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?" காட்டுப் பாதையில் அடி முட்டாமல் ஓட ஜீப்பை மேலே தூக்குவதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். வேலை நேரத்தில் நட்டை இறுக்க மறப்பது மாதிரியானவற்றை இங்கே எழுதவில்லை, அதெல்லாம் பாஸே (கராஜ் மெக்கானிக்) பார்த்துக்கொள்வார்.

டோர்ஷன் பாரைத் திருகி உயர்த்துவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டாம் தலைமுறைப் பஜெரோவிலும் அதே காலத்துப் பல பிக்கப்களிலும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முன்சில்லைத் தாங்கும் ஆர்மிலிருந்து சேஸியை ஒட்டிப் பின்னால் ஓடும் ஒரு உருக்குக் கம்பிதான் முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. அதன் பின்முனையில் ஒரு போல்ட். அதைத் திருகினால் ஜீப்பின் மூக்கு எழும்பும். சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை, அரை மணித்தியாலம் போதும். ஆசை பிடிப்பதே அங்கேதான்.

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி அப்படித் திருகிய பஜெரோவைக் காட்ட வந்தான். "இரண்டு அங்குலம் அண்ணே, கூலி மட்டும்தான் கொடுத்தேன்." குனிந்து முன்சில்லின் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். ஆர்ம் ரப்பர் ஸ்டொப்பரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது, இடையில் ஒரு கடதாசி கூட நுழையாது.

அதன் பொருள் என்ன? சில்லு மேலே போகவும் கீழே இறங்கவும் மொத்தமாக ஓர் அளவுதான் இருக்கிறது. போல்ட்டைத் திருகும்போது அந்த அளவு கூடுவதில்லை. கீழே இறங்கும் பங்கை எடுத்து மேலே போகும் பங்கில் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். சாதாரண வேகத்தடையில் ஏறி இறங்கினால் கூட சில்லு தொங்க இடமில்லாமல் 'டக்' என்று ஸ்டொப்பரில் அடிக்கும். ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு ஸ்பிரிங் இறுகிவிட்டது என்பார்கள். இல்லை. கம்பியின் நீளமும் தடிப்பும் மாறவில்லையே, அதன் இறுக்கம் எப்படி மாறும்?

காட்டுப் பாதையில் இன்னும் மோசம். மழை அரித்த பள்ளத்தில் ஒரு பக்கச் சில்லு இறங்கித் தரையைத் தேட வேண்டும். இறங்க முடியாமல் அந்தரத்தில் சுழலும். பாதையில் நன்றாக ஏறுவதற்காக உயர்த்திய ஜீப், உயர்த்தாத ஜீப் ஏறுகிற இடத்தில் நின்றுவிடும். உள்ளதும் போச்சு என்பது இதுதான்.

காசு போவது சி.வி. ஜொயின்டில், அதாவது முன்சில்லுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டில். மூக்கு எழும்பியதும் முன் ஷாஃப்ட் சரிந்த கோணத்திலேயே எந்நேரமும் ஓடுகிறது. ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். டயரின் உட்புறத்திலும் ரிம்மின் உள்விளிம்பிலும் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பூட்டை மாற்றிப் புதுக் கிரீஸ் போட்டுத் தப்பலாம். விட்டால் மணலும் சேறும் உள்ளே போய், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது 'டக் டக்' சத்தம் வரும். பிறகு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய ஷாஃப்ட் தேடி அலைய வேண்டியதுதான். தம்பி பாதி இறக்கு என்றேன், கேட்கவில்லை. கரடுமுரடான மலைப்பாதையில் மீமுரே கிராமத்துக்குப் போய் வந்தான். இப்போது ஷாஃப்ட் விலை அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

திருகவே கூடாதா? தொய்ந்துபோன பழைய கம்பியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரத் திருகலாம், அந்தப் போல்ட் இருப்பதே அதற்குத்தான். அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்குள் நில்லுங்கள். ஸ்டொப்பருக்கும் ஆர்முக்கும் இடையில் விரல் நுழைய வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். செய்யாவிட்டால் புது டயரின் ஒரு விளிம்பு மட்டும் மளமளவென்று தேய்ந்துவிடும்.

உயர்த்தினால் டிஃப்பும் உயரும் என்று நம்புவது

உயராது. பின் அக்சில் ஒரே தண்டாக இருக்கும் ஜீப்பில் ஸ்பிரிங் உயர்த்துவது வண்டியின் பொடியை மட்டும்தான். டிஃப் (பின் அக்சிலின் நடுவில் புடைத்திருக்கும் கியர் பெட்டி) கல்லில் முட்டாமல் போக வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும், அதிலும் பாதிதான் கிடைக்கும். 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் 787. வித்தியாசம் 54, டிஃப்புக்குக் கிடைப்பது 27.

அதே 54 மி.மீ. வேறு இடத்தில் கணக்குத் தீர்க்கும். ஒரு சுற்றுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள். முன்பு ஸ்பீடோ சரியாகக் காட்டியிருந்தால், தெற்கு அதிவேக வீதியில் இப்போது அது 100 காட்டும்போது ஓடுவது 107. எஞ்சினுக்கும் அதே அளவு பாரம் கூடும். பழைய 2.5 டீசல் என்றால் கடுகண்ணாவை ஏற்றத்திலேயே புரிந்துவிடும்.

பின் பிரேக் வால்வை மறப்பது

பாஸ்மாரில் பாதிப்பேர் கூட இதைத் தொடுவதில்லை. பல ஜீப்புகளிலும் பிக்கப்களிலும் பின் அக்சிலுக்கும் சேஸிக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பி ஓடும், அதன் முனையில் ஒரு வால்வு. பின்னால் பாரம் ஏறிப் பொடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், பாரமில்லாவிட்டால் குறைக்கும். நீங்கள் ஸ்பிரிங்கை உயர்த்தியதும் வண்டி எப்போதும் வெறுமையாக இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. குடும்பத்தோடு சாமான்களும் ஏற்றி மலை இறங்கும்போது முன் பிரேக் மட்டும் சூடேறும். உயர்த்திய அளவுக்கு அக்சில் பக்கத்திலுள்ள கம்பியின் பிடியையும் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஜிம்னியும் பழைய டிஃபெண்டரும்

இவற்றில் முன் அக்சிலும் ஒரே தண்டு. உயர்த்தும்போது அக்சில் கொஞ்சம் முன்பக்கமாகச் சுழன்று கேஸ்டர் கோணம் (சில்லு திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துபோகும். திருப்பி விட்ட ஸ்டியரிங் தானாக நேராகாது, வேகத்தில் வண்டி அலையும். டயரில் பிழை என்று இரண்டு தரம் பேலன்ஸ் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். கேஸ்டரைத் திருத்தும் புஷ்கள் தனியாகக் கிடைக்கின்றன, உயர்த்தும் கிட்டோடு சேர்த்தே வாங்குங்கள்.

டயரை முதலில் வாங்குவது

கடை வாசலில் டயர் பொடியில் உரசவில்லை என்பது எதையும் காட்டாது. ஒரு முன்சில்லை உயரமான திண்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். உரசும் இடம் அப்போதுதான் தெரியும்.

நான்கு டயர் மட்டும் வாங்குவது

ஐந்து வாங்குங்கள். விட்டம் வேறான ஸ்பெயாரைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஃபோர்வீலில் ஓடினால் முன் பின் சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

பாவித்த டயரின் வயதைப் பார்க்காதது

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ (டயரின் மேல் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார், பூவை விட்டுவிட்டு அந்த இலக்கத்தைப் படியுங்கள்.

பாரமே ஏற்றாத ஜீப்புக்குப் பார ஸ்பிரிங்

வேண்டாம். முதுகெலும்பு உங்களுடையது.

பிரேக் ஹோஸ்

சில்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விறைத்து நின்றால் நீளமானது போட வேண்டும்.

ஹெட்லைட்

வெளிச்சம் விழும் உயரத்தைக் கீழே இறக்குங்கள். எதிரே வரும் த்ரீவீல்காரருக்கும் கண் தெரிய வேண்டும்.

இன்ஷூரன்ஸ்

வேலைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சு செல்லாது.

யூ போல்ட்

பிளேட் ஸ்பிரிங் ஜீப்பென்றால், உயர்த்திய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளேட்டுகளை அக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பிளேட்டுகள் படிந்ததும் அவை நிச்சயம் தளரும்.