முதல் நாவலை எடிட்டரிடம் கொடுக்கும் முன்பும் பின்பும்

“நாவல் முடிஞ்சிருச்சு மேடம். ஒற்று மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுத்தீங்கன்னா அச்சுக்கு அனுப்பிரலாம்.”

முதல் நாவல் எழுதியவர்கள் ஃபோனில் என்னிடம் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக இதுதான். வார இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது திருச்சியில் வீட்டிலிருந்தபடி நாவல்களை எடிட் செய்கிறேன். வருகிறவற்றில் பாதிக்கு மேல் முதல் நாவல்கள். ஒற்றுப்பிழை பார்க்க ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. உங்கள் கதை நாற்பதாவது பக்கத்தில்தான் தொடங்குகிறது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். வீட்டில் சொல்லமாட்டார்கள், நண்பர்கள் சொல்லமாட்டார்கள், பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தருகிற பதிப்பகம் சொல்லவே சொல்லாது.

நம் பதிப்பகங்களில் அச்சுப்பிழை திருத்துகிற மெய்ப்புப் பார்ப்பவர் இருப்பார்; எடிட்டர் இருப்பது அபூர்வம். க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் போல எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியை வரிவரியாகப் பேசியவர்கள் விதிவிலக்கு. இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் க்ரியா வெளியீடாகத்தான் வந்தது. அப்படியோர் இடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால்தான் என்னைப் போன்ற வெளியாட்களுக்கு வேலை இருக்கிறது.

முதல் வரைவை எடிட்டருக்குக் கொடுக்காதீர்கள். எழுதி முடித்ததும் ஓரிரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு எடுத்துச் சத்தமாக வாசித்து, நீங்களே ஒருமுறை திருத்துங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தையும் உங்களுக்கே சலிக்கும் அத்தியாயத்தையும் கண்டுபிடிக்க எனக்குப் பணம் தர வேண்டியதில்லை. இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்ற நிலைக்கு வந்தபிறகு கொடுத்தால்தான் கொடுக்கிற பணத்துக்குப் பலன். காலண்டரையும் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியையொட்டி வருவதால், அக்டோபரிலிருந்து எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கமில்லை. நவம்பரில் கொடுத்து டிசம்பரில் கேட்டால் நிஜமாகவே ஒற்று மட்டும்தான் பார்க்க முடியும். ஆடியில் கொடுங்கள்.

அனுப்பும்போது ஒரே வேர்ட் கோப்பாக, யூனிகோடில், பக்க எண்ணோடு அனுப்புங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று வாட்ஸாப்பில் வந்தால் எது புதியது, எது பழையது என்று பிரிப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். கூடவே ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கமும், பாத்திரங்கள் யார் யாருக்கு என்ன முறை, யார் எந்த வருஷம் பிறந்தவர் என்ற பட்டியலும் வையுங்கள். இந்தப் பட்டியலைப் போடும்போதே சிலருக்குப் பாதித் தவறு பிடிபட்டுவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் சித்தப்பாவாக இருந்தவர் பதினெட்டாவதில் மாமாவாகிப் பெண் கேட்டு வந்து நிற்பார்.

யாரிடம் கொடுப்பது? மாதிரிக்குப் பத்துப் பக்கம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் பணம் கொடுங்கள். எழுத்துப்பிழை மட்டும் திருத்தி வந்தால் அவர் மெய்ப்புப் பார்ப்பவர். நல்லவர்தான், ஆனால் அவருக்கான கட்டம் இன்னும் வரவில்லை. உங்கள் வாக்கியமெல்லாம் அவருடைய வாக்கியமாக மாறி வந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஓரத்தில் கேள்விகள் இருந்தால் அவரை விடாதீர்கள். வட்டார மொழியில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரிசல் காட்டுக் கதையில் ‘வெஞ்சன’த்தை அடித்துவிட்டுப் ‘பதார்த்தம்’ என்று போடுகிறவர் உங்களுக்கு ஆகமாட்டார்.

பணப் பேச்சைப் பக்கக் கணக்கில் பேசாதீர்கள். ஏ4 பக்கம் வேறு, புத்தக அளவான டெம்மி பக்கம் வேறு. சண்டை அங்கேதான் முளைக்கும். சொல் கணக்கில் பேசி, முன்பணம் எவ்வளவு, எத்தனை சுற்று, எந்தத் தேதி என்பதை ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் சுற்றில் உங்களுக்குத் திருத்திய பிரதி வராது, ஒரு கடிதம் வரும். என் கடிதங்கள் நாலைந்து பக்கம் போகும். அதில் ஒற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யாருடைய கதை இது, எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது, யார் காரணமில்லாமல் வந்து போகிறார்கள் என்றுதான் இருக்கும். படித்த அன்றிரவு பதில் எழுதாதீர்கள். கோபம் வரும், வரட்டும். அதை எனக்கு அனுப்பாமல் இருந்தால் சரி. நாலு நாள் கழித்து மறுபடி படித்து, உடனே ஒத்துக்கொள்வது, ஒத்துக்கொள்ளவே முடியாதது, யோசிக்க வேண்டியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஒரு மணி நேரம் ஃபோனில் பேசுங்கள்.

முதல் நாவல்களில் அதிகம் அடிபடுவது தாத்தா. பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தது, நிலம் வாங்கியது, கோயில் வழக்கு என்று முதல் மூன்று அத்தியாயம் அவருக்கே போய்விடும். தாத்தாவைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். பேத்தி வீட்டைவிட்டுக் கிளம்புகிற காட்சியை முன்னால் கொண்டுவந்துவிட்டு, வழக்குக் கட்டு அவள் கைக்கு வரும் இடத்தில் தாத்தாவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்பேன். அநேகமாக முடியும். அப்போது அவருக்கு மூன்று அத்தியாயம் தேவைப்படாது, ஏழெட்டுப் பக்கம் போதும்.

தகவல் சரிபார்ப்பை அலுப்பான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். 1982-இல் நடக்கும் ஒரு நாவலில் சம்பந்தி வீட்டார் முன்னால் பெண்ணின் அப்பா ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்து வைக்கிறார். ஒரே வரி. “500 ரூபாய் நோட்டு 1987-இல்தான் வந்தது. அப்போது என்ன கொடுத்திருப்பார்?” என்று ஓரத்தில் எழுதினேன். 1978-இல் ஆயிரம் ரூபாய் நோட்டெல்லாம் செல்லாமல் போனபிறகு, அந்தக் காலத்தில் நூறு ரூபாய் நோட்டுதான் பெரிது. ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று ஐம்பதாயிரம் என்றால், நூறு ரூபாயில் ஐந்து கட்டு. சட்டைப் பையில் அடங்காது. அந்த எழுத்தாளர் நோட்டை மாற்றியதோடு விடவில்லை. அடுத்த வரைவில் பணம் மஞ்சப்பையில் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா விரலை எச்சில் தொட்டு எண்ணுகிறார். நடுவில் கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பெண்ணின் அம்மா காபி டம்ளரோடு நிலைப்படியிலேயே நிற்கிறாள். எண்ணி முடிகிறவரை யாரும் பேசவில்லை. ஒரு வரியாக இருந்தது இரண்டு பக்கமானது. நாவலில் எனக்குப் பிடித்த இரண்டு பக்கங்கள். நான் அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

நகரத்தில் வளர்ந்தவர்கள் டெல்டாவைப் பற்றி எழுதும்போது சம்பா அறுவடையை ஆவணியில் வைத்துவிடுவார்கள். அது தையில் வரவேண்டியது. மாதத்தை மாற்றினால் பின்னாலேயே மழை, திருவிழா, கையிருப்பு எல்லாம் மாறும். இதையெல்லாம் கதையின் கட்டமைப்பைப் பார்க்கும் முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில்தான் வாக்கியங்கள். ஒரு பிரதியில் இப்படி இருந்தது: “மாரியம்மாள் மிகுந்த துயரத்துடன் கண்ணீர் பெருகத் தன் கணவனின் பழைய சைக்கிளைப் பார்த்து, அவன் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணி மனம் வெதும்பினாள்.” இலக்கணம் சரி. நான் கேட்டது: “அந்தச் சைக்கிளை அவள் என்ன செய்கிறாள்?” திரும்பி வந்தது: “வாரம் ஒருமுறை சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பாள் மாரியம்மாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது.” எடிட்டர் இந்த வாக்கியத்தை எழுதித் தந்திருந்தால் அந்த ஒரு பக்கம்தான் தேறியிருக்கும். எழுத்தாளரே எழுதியதால், அடுத்த ஐந்து அத்தியாயங்களில் துயரமும் வெதும்பலும் வந்த இடங்களையெல்லாம் என் குறிப்பு இல்லாமலே திருத்தி அனுப்பினார்.

உங்களுக்கென்று சில வழக்கச் சொற்கள் இருக்கும். ‘சட்டென்று’, ‘ஏதோ ஒரு’, ‘பெருமூச்சு விட்டான்’. வேர்டின் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள், எண்ணிக்கை வெட்கப்படுத்தும். எடிட்டர் இரண்டு மூன்றைக் காட்டுவார், மீதியை நீங்களே பட்டியலிடுங்கள். அடுத்த நாவலுக்கும் அது உதவும். பேச்சுமொழிக்கும் இதேபோல ஒரு தாள் வேண்டும். ‘வந்துட்டான்’ என்று எழுதுவதா, ‘வந்திட்டான்’ என்று எழுதுவதா? பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரி பேசுவார்களா? முடிவு எதுவானாலும் கடைசிவரை அதுவே இருக்கட்டும். கதைசொல்லியின் எழுத்துமொழியில் சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு கிடைத்தால் நல்லது.

எடிட்டர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா? வேண்டாம். ஒரு நாவலில் நாயகனின் அக்கா எதற்கு என்றே தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றேன். எழுத்தாளர் மறுத்துவிட்டார். ஆனால் அக்கா வெறுமனே நிற்கிறாள் என்பதை ஒத்துக்கொண்டு, வீட்டுப் பத்திரத்தை அவள் பெயருக்கு மாற்றினார். கதையின் இரண்டாம் பாதியே அவள் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நான் சொன்னதைவிட அது நல்ல வழி. மறுக்கும்போது “எனக்கு இப்படித்தான் வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் எடிட்டர் சொன்னதை மறுபடி யோசியுங்கள்.

ஒற்று, மெய்ப்பு எல்லாம் இதற்குப் பிறகு. முடிந்தால் வேறொருவரிடம் கொடுங்கள். பலமுறை படித்துவிட்ட என் கண்ணுக்கு உங்கள் பிழை இனி தெரியாது. பக்கம் வடிவமைத்து பிடிஎஃப் வந்ததும் அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள். வரி முடிவில் சொல் உடைந்திருப்பதும், பத்தியின் கடைசி ஒற்றைச் சொல் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருப்பதும் காகிதத்தில்தான் கண்ணில் படும். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு காட்சி தோன்றும். சேர்க்காதீர்கள், ஒரு பத்தி கூடினால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் நகரும், லேஅவுட் செய்பவர் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார். கேட்பதும் நியாயம்தான்.