மருத்துவமனையிலிருந்து புற்றுநோய் ஆய்வகத்துக்கு: மருத்துவர்கள் சறுக்கும் இடங்கள்

எம்.டி., டி.எம். படித்துக்கொண்டே புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவருக்கு, ஆய்வகத்தில் மட்டுமே இருப்பவருக்கு எளிதில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன: நோயாளியின் கட்டித் திசு, அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற தகவல். பைப்பெட் பிடிக்கத் தெரியாதது சில மாதங்களில் சரியாகிவிடும். இந்த இரண்டைக் கெடுத்துக்கொண்டால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

திசு பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரிலேயே கெடுகிறது. ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து ஆர்.என்.ஏ.வும் பல புரதங்களும் மாறத் தொடங்கும். கேஸ் எல்லாம் முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று ட்ரேயில் விட்டுவைத்தால், பிறகு காணும் மாற்றம் புற்றுநோயால் வந்ததா, மேசையில் கிடந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 என்ற புரதத்தையும் சோதிக்க, எடுத்த 1 மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) இருக்க வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விதி. ஆய்வுக்கும் அதையே குறைந்தபட்ச அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலின் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு வகையாக, திசுவின் பருமனைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். பெரிய கட்டியை முழுதாகப் போடாமல் சுமார் 5 மி.மீ. கனத்தில் அறுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பதமாகும், நடுப்பகுதி சிதையும். சனிக்கிழமை மதியம் எடுத்த திசு, திங்கள் விடுமுறையாகிவிட்டால் செவ்வாய் மதியம் 72 மணியைத் தொட்டுவிடும். எனவே லேபிளில் தேதி மட்டும் போதாது. எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், வெளியே எடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறு துண்டு, உடனே திரவ நைட்ரஜனில். ஆனால் அந்தத் துண்டை நீங்களே வெட்டாதீர்கள். நோயியல் மருத்துவர் ஓரங்களைப் பார்த்து, நோயறியத் தேவையானதை ஒதுக்கிய பிறகு தருவதே ஆய்வுக்கான பங்கு. நோயாளியின் ரிப்போர்ட்டை விட எந்த ஆய்வும் பெரிதல்ல.

ரத்தத்திலும் இதே கதைதான். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை தடைபடலாம், ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயே பாதுகாப்பு. ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வைத் தேடும்போது சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) வேண்டாம். ரத்தம் உறையும்போது வெள்ளணுக்கள் உடைந்து சாதாரண டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும், தேடுவது அதில் அமுங்கிப்போகும். இ.டி.டி.ஏ. குழாயிலும் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரித்தாக வேண்டும். எலும்பு மஜ்ஜை பயாப்சியை வலுவான அமிலத்தில் மென்மையாக்கினால் அந்த பிளாக்கிலிருந்து நல்ல டி.என்.ஏ. கிடைப்பது கடினம்; இங்கும் அமிலத்துக்குப் பதிலாக இ.டி.டி.ஏ. கைகொடுக்கும்.

பக்கத்து ஆய்வகத்திலிருந்து வாங்கிய செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்களை) அப்படியே நம்புவது அடுத்த தவறு. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல்கள் பல ஆண்டுகள் மார்பகப் புற்று என்றே பயன்பட்டன. மரபணுச் சோதனையில் அவை எம்-14 என்ற மெலனோமா (தோல் நிறமிச் செல் புற்று) செல்களோடு ஒத்துப்போயின. பல செல் லைன்களில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள் கலந்துவிட்டதை மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே காட்டினார். செல்கள் வந்ததும் அவற்றின் டி.என்.ஏ. அடையாளத்தைக் காட்டும் எஸ்.டி.ஆர். சோதனை செய்து, சில குப்பிகளை உறைய வைத்துவிட்டுப் பரிசோதனையைத் தொடங்குங்கள். வளர்க்கும் செல்களில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. அதற்குச் செல்சுவர் கிடையாது என்பதால் பெனிசிலினும் ஒன்றும் செய்யாது. மாதம் ஒரு முறை பி.சி.ஆர். பாருங்கள்.

தகவலைக் கையாள்வதில் மருத்துவர்கள் அதிகம் ஏமாறுவது ஒப்பீட்டில். கீமோ 6 சுழற்சியும் முடித்தவர்கள் முடிக்காதவர்களை விட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று எழுதுவார்கள். 3 வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறாவது டோஸ் வாங்க 15 வாரம் உயிரோடு இருந்தாக வேண்டும். நான்காவது வாரத்தில் இறந்தவர் எப்போதும் 'முடிக்காதவர்' பக்கம்தான் விழுவார். மருந்தே வேலை செய்யாவிட்டாலும் இந்த ஒப்பீடு பலன் காட்டும். 15ஆவது வாரத்தில் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து, அந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவது ஒரு தீர்வு.

இதைவிட நம் ஊரில் எனக்குக் கவலை தருவது, வராமல் போனவர்கள். அப்படி ஒருவரைக் கடைசியாக ஓபிக்கு வந்த தேதியோடு நிறுத்திக் கணக்கிடும்போது, அவரும் மற்றவர்களைப் போலவே இருக்கிறார் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. நோய் முற்றி, பயணம் செய்ய முடியாமல் வீட்டிலேயே இறந்தவரும் அதில் இருப்பார். உயிர்வாழ்வு வரைபடம் பொய்யாக உயரும். சேர்க்கும் நாளிலேயே ஒப்புதல் வாங்கி, நோயாளியின் எண்ணோடு இன்னொரு உறவினர் எண்ணும் எழுதிக்கொண்டு, 3 மாதத்துக்கு ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.

எத்தனை நோயாளிகள் என்பதை விட எத்தனை இறப்புகள் என்பதே கணக்கைத் தீர்மானிக்கும். ஒரு காரணிக்கு (வயது, கட்டியின் அளவு போன்றவை) சுமார் 10 நிகழ்வுகள் என்ற தோராய விதிப்படி, 200 பேரில் 20 இறப்பு என்றால் 2 காரணிகளைத்தான் சேர்த்துப் பார்க்கலாம், 8 அல்ல. மரபணுப் பட்டியலை எக்செல்லில் இறக்கும்போதே பெயர்கள் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். செப்ட்-2, மார்ச்-1 போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இதற்காகவே 2020 வாக்கில் அந்த மரபணுக்களின் அதிகாரப்பூர்வக் குறியீடுகளே மாற்றப்பட்டன.

மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு கிடையாது.

கடைசியாக, நேரம். மருத்துவர்களை ஆய்வாளர்களாக்க அமெரிக்கா தரும் கே-08 நிதி, பொதுவாக வேலை நேரத்தில் 75 சதவீதத்தை ஆய்வுப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஏறத்தாழ ஒரு நாளில் இரட்டிக்கும் செல்கள் உங்கள் டூட்டி முடியும்வரை காத்திருக்காது. வாரத்தில் எந்தெந்த நாட்கள் வார்டு, ஓபி, நைட் டூட்டி இல்லை என்பதைத் துறைத்தலைவரிடம் வேலையில் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ஆள் பற்றாக்குறைதான் பதிலாக வரும்.