பிசினஸ் படித்துவிட்டு பாடாங் செராயில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு

உங்கள் ரெசூமேயைத் திறந்து 'ஹார்ட்வொர்க்கிங்', 'டீம் பிளேயர்', 'ஃபாஸ்ட் லேர்னர்' என்று இருக்கிற வரியை முதலில் அழியுங்கள். கூலிமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஆள் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அந்த வரி இல்லாத ரெசூமே என் மேசைக்கு வந்ததே இல்லை, எல்லோரிடமும் இருப்பதால் அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அந்த இடத்தில் வேறு என்ன வரவேண்டும், அதை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிந்தோக்கில் இருக்கிற உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்கோ போய், மேனேஜ்மெண்ட், அக்கவுண்டிங், மார்க்கெட்டிங் என்று ஒன்றை முடித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலாளிகள் என்ன கேட்கிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. உலகப் பொருளாதார மன்றம் 2025-இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில் பத்தில் ஏழு நிறுவனங்கள் பகுத்தாய்ந்து சிந்திக்கும் திறனை மிக முக்கியம் என்று சொல்லியிருக்கின்றன. ஜிமேட் தேர்வை நடத்தும் அமைப்பு வருடாவருடம் முதலாளிகளிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பிலும் சிக்கலைத் தீர்ப்பது, தெளிவாகப் பேசுவது எழுதுவது என்று இவைதான் திரும்பத் திரும்ப மேலே வருகின்றன. சரி, பகுத்தாய்வது என்றால் அலுவலகத்தில் என்ன? மேனேஜர் மூவாயிரம் வரி இருக்கிற ஒரு எக்ஸெல் ஃபைலை உங்களுக்கு அனுப்பி, இந்த மாதம் ஓவர்டைம் ஏன் ஏறியது என்று கேட்பார். நீங்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்து, 'இரண்டாவது ஷிஃப்டில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள், அந்த இடத்தை நிரப்பாததால் ஏறியது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஆனால் முதல் வகுப்பில் தேறியவர்களில் கூட நிறைய பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஃபைலை அழகாக வண்ணம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள், கேள்விக்குப் பதில் இருக்காது.

இதைப் பழக கம்பெனி தேவையில்லை. உங்கள் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ காலையில் நாசி லெமாக் விற்கிறாரா? அவரிடம் அனுமதி கேட்டு 30 நாள் கணக்கை எழுதுங்கள். தேதி, கிழமை, எத்தனை பொட்டலம் கட்டினார், எத்தனை விற்றது, எத்தனை மீந்தது, அன்றைய செலவு, இந்த ஆறு பத்தி போதும். ஒரு பொட்டலம் 2.50 ரிங்கிட்டுக்கு விற்கிறது, அரிசி, தேங்காய்ப்பால், சம்பால், முட்டை, கேஸ் எல்லாம் சேர்த்து 1.60 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கட்டி 80-உம் விற்றால் 72 ரிங்கிட் லாபம். 10 மீந்தால்? வரவு 175, செலவு அதே 128, கையில் நிற்பது 47. பத்தே பொட்டலம்தான் மீந்தது, ஆனால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இப்போது எக்ஸெலில் பிவட் டேபிள், அதாவது கணக்கை வகை வகையாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை, போட்டுக் கிழமை வாரியாகப் பாருங்கள். நம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மீதி அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பாதி வாடிக்கையாளர் அன்றைக்குச் சைவம், நெத்திலியும் முட்டையும் தொடமாட்டார்கள். அன்று 70 மட்டும் கட்டினால் 63 ரிங்கிட் நிற்கும், அல்லது பத்தைச் சைவ சம்பாலில் கட்டிப் பார்க்கலாம். கணக்கை வைத்துக் காரணத்தைக் கண்டு, இதைச் செய்து பார்ப்போம் என்று ஒரு யோசனை சொல்லி, அடுத்த நாலு வாரம் அது பலித்ததா என்றும் பார்த்துவிட்டீர்கள் என்றால், நான் தேடுகிற ஆள் நீங்கள்தான். பலிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஏன் பலிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், யார் வரவில்லை என்று பார்த்த அந்த ஐந்து நிமிடத்துக்குள் எந்த மர வரிசையை விடுவது, யாரை எங்கே மாற்றுவது என்று முடிவு செய்துவிடுவார், அதற்கு இன்று ஆப்பரேஷன்ஸ் பிளானிங் என்று பெயர் வைத்து மூன்று கிரெடிட் பாடமாக நடத்துகிறார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒரு நாள் பெயர் விடுபட்டால் எவ்வளவு போகும் என்று அம்மாவுக்கு மனக்கணக்காகத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இண்டர்வியூவில் வந்து, 'எனக்கு அனுபவம் எதுவும் இல்லை' என்று சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

கோயில் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு எடுத்தீர்களா? எத்தனை பேருக்குச் சாப்பாடு, எவ்வளவு பட்ஜெட், கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள், கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று எண்களோடு இரண்டு வரி ரெசூமேயில் போடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தால் அதையும் அப்படியே. பொய் மட்டும் வேண்டாம். உண்மையாகச் செய்தவரிடம் 'அரிசி பத்தாமல் போனபோது என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசுவார், செய்யாதவர் பேசமாட்டார், எங்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது மொழி. இங்கே அரசாங்க இலாகாவுக்குப் போகும் கடிதம் மலாயில், வாடிக்கையாளருக்குப் போகும் ஈமெயில் ஆங்கிலத்தில், இரண்டும் ஒரே காலையில் உங்கள் கையிலிருந்து போக வேண்டியிருக்கும். இலக்கணப் பிழையைப் பார்த்து நான் ஆளை ஒதுக்குவதில்லை, விஷயம் எங்கே இருக்கிறது என்று தேடவைக்கிற ஈமெயிலைப் பார்த்துத்தான் யோசிக்கிறேன். பதிலை முதல் வரியில் வையுங்கள், காரணம் அடுத்து, என்ன வேண்டும் என்பது கடைசி வரியில். நாசி லெமாக் கணக்கை எடுத்து ஆங்கிலத்தில் ஐந்து வரி, மலாயில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள். அப்புறம் அதையே ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கவே பிடிக்காது, பத்தாவது தடவை பரவாயில்லாமல் இருக்கும், இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. சாட்ஜிபிடியை வைத்துப் பிழை திருத்துங்கள், தாராளமாக. ஆனால் அறிமுகக் கடிதத்தையே அதை எழுதச் சொல்லாதீர்கள், ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கடிதம் பல பேரிடமிருந்து வருகிறது.

அலுவலகத்தில் தினமும் புழங்குகிற சில எண்களும் வாயில் இருக்கவேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட், தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். அதற்கு மேல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தாவும் இருக்கிறது, ஆக ஓர் ஆளை எடுத்தால் சம்பளத்தோடு செலவு முடிவதில்லை. பெரும்பாலான சேவைகளுக்குச் சேவை வரி 2024 மார்ச்சில் 6-லிருந்து 8 விழுக்காடானது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், அதாவது மின்னணு விலைப்பட்டியல், படிப்படியாகச் சின்ன நிறுவனங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது, அக்கவுண்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள்.

இந்தச் சேமநிதிக் கேள்வியில் நான் தோற்றிருக்கிறேன். என் முதல் இண்டர்வியூவில், ஒரு தொழிலாளிக்கு முதலாளி மொத்தம் எவ்வளவு செலவு செய்கிறார் என்று கேட்டார்கள். மூன்று வருடம் படித்தவன், பதில் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் சில வருடத்துக்கு முன் ஒரு தங்கை எங்களிடம் இண்டர்வியூவுக்கு வந்தார், தோட்டத்துப் பிள்ளைதான். உற்பத்தியில் வீணாகிற கழிவு ஏன் கூடியிருக்கும் என்று ஒரு சின்ன அட்டவணையைக் காட்டிக் கேட்டோம், அவருக்கு அங்கேயே பதில் வரவில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஈமெயில் வந்தது, ஐந்தே வரி. புதன்கிழமைகளில் மட்டும் கூடுகிறது, அன்றைக்கு மெஷின் மாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தார். மாற்றுகிறோம். இப்போது அவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார், புதிதாக வருகிற பயிற்சியாளர்களுக்குப் பிவட் டேபிள் சொல்லித் தருவது அவர்தான்.