சப்டைட்டில் இறக்குற ஆப்: விண்டோஸ், மேக், உபுண்டு மூணுலயும் போட்ட கதை

போன மாசம் பெரியப்பச்சிக்கு சாந்தி விசேஷம், காரைக்குடி வீடு நிறைய ஆளுக. சிங்கப்பூர்ல இருந்து வந்த புள்ளைகளுக்கு தமிழ் பாதி தான் புரியும், அப்பத்தாவோ பழைய படத்த தவிர வேற எதையும் போட விடமாட்டாக (ஏவிஎம் ஸ்டுடியோ இங்க தேவகோட்டை ரஸ்தாவுல இருந்த கதைய ஆரம்பிச்சா நிறுத்தவும் மாட்டாக), ஆக எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்னா இங்கிலீஷ் சப்டைட்டில் வேணும். வேலை எந்தலையில விழுந்துச்சு. வீட்டுல இருந்தது மூணு லேப்டாப், மூணும் மூணு தினுசு.

எதையும் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி, படம் ஓட்டுற விஎல்சி பிளேயர் இருந்தா அதுல வியூ மெனுவ ஒரு தடவ பாருங்க, சப்டைட்டில் தேடி இறக்குற விஎல்சப்னு ஒண்ணு கூடவே வரும், மேக்ல அது விஎல்சி மெனுவுக்குள்ள எக்ஸ்டென்ஷன்ஸ்ல இருக்கும். அது உங்களுக்கு வேலை செஞ்சா தனி ஆப்பே வேணாம். செய்யலன்னா தான் தொடர்ந்து படிங்க.

விண்டோஸ்ல ஆபத்து இன்ஸ்டால்ல இல்ல, டவுன்லோட் பட்டன்ல தான். சப்டைட்டில் சைட்டுகள்ல பச்சை கலர்ல பெருசா மின்னுறது முக்காவாசி விளம்பரம், நான் அவசரத்துல ஒண்ண அமுக்கி பிரவுசர் ஹோம்பேஜே மாறிப்போயி அத சரி பண்ண அரை மணி நேரம் ஆச்சு. ஆப் செஞ்சவங்களோட சொந்த பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க. ஓப்பன் பண்ணுனா நீலக்கலர்ல 'விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி'னு வரும், அது வைரஸ்னு அர்த்தம் இல்ல, அதிகம் பேர் இறக்காத ஆப்னா அப்படித்தான் வரும். எடுத்த இடம் சரியானதுன்னு உறுதியா தெரிஞ்சா மோர் இன்ஃபோ, அப்புறம் ரன் எனிவே. நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போகாம நடுவுல வேற சாஃப்ட்வேருக்கு டிக் போட்டுருக்கான்னு பாத்து எடுத்து விடுங்க. ஜிப்பா வந்தா முதல்ல எக்ஸ்ட்ராக்ட், உள்ளுக்குள்ளயே டபுள் கிளிக் பண்ணுனா பாதி ஃபைல் கிடைக்காம அழும்.

மேக்ல தான் ரொம்ப நேரம் போச்சு. டிஎம்ஜி ஃபைல தொறந்தா ஐகான அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்து போடணும், எங்க அண்ணன் அத செய்யாம அந்த சின்ன விண்டோவுல இருந்தே ஓட்டிட்டு மறுநாள் ஆப்ப காணோம்னு தேடுனாரு. அடுத்து ஆப்பிள் தெரியாத டெவலப்பர்னு தடுக்கும். முன்னாடி ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் குடுத்தா போதும், 2024ல வந்த மேக்ஓஎஸ் செக்கோயால அந்த வழிய அடைச்சுட்டான், இப்ப சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழ இறங்கி ஓப்பன் எனிவே. எம்1லயிருந்து வந்த மேக்கா பழைய இன்டெல் மேக்கான்னும் பாத்து டவுன்லோட் பண்ணுங்க.

இவ்வளவும் முடிஞ்சும் சப்டைட்டில் சேவ் ஆகல. ஆப்ல ஏதோ கோளாறுன்னு ரெண்டு தடவ அழிச்சுட்டு திரும்ப போட்டேன். பாத்தா படம் இருந்த ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ங்குற விண்டோஸ் ஃபார்மட், மேக் அத படிக்கும், அதுல எழுதாது, ஆப்போ படம் இருக்குற ஃபோல்டர்லயே சப்டைட்டில போட பாக்குது. படத்த லேப்டாப்புக்கு காப்பி பண்ணதும் நொடியில வந்துச்சு.

உபுண்டு என்னோடது, டெப் ஃபைல் குடுத்திருந்தா சாஃப்ட்வேர் சென்டர்லயே போட்டுக்கலாம், ஆப்இமேஜ்னா ப்ராப்பர்ட்டீஸ்ல போயி எக்ஸிக்யூட்டபிள்னு இருக்குறத ஆன் பண்ணணும். அப்பவும் கிளிக் பண்ணுனா ஒண்ணுமே நடக்கலன்னா காரணம் இது தான்: ஆப்இமேஜ் ஓடுறதுக்கு வேணுங்குற லிப்ஃப்யூஸ்2ங்குற லைப்ரரி உபுண்டு 22.04லயிருந்து தானா சேந்து வர்றதில்ல, அத தனியா போடணும், 24.04ல அதோட பேரு கடைசியில டி64 சேந்திருக்கும்.

மூணுக்கும் பொதுவா ஒண்ணு, எங்க வீட்டு சுவரு தடிமனுக்கு முகப்புல இருக்குற ரவுட்டர் சிக்னல் வளவ (நடு முற்றத்த) தாண்டி ரெண்டாங்கட்டுக்கு வராது, அங்க உக்காந்து இறக்குன ஃபைல் பாதியில நின்னு கரப்ட்னு சொல்லுச்சு. முகப்புல வந்து உக்காந்து இறக்குங்க.

இனி தேடுறது. ஹேஷ் வச்சு தேடுற பட்டன் இருந்தா அதையே முதல்ல அமுக்குங்க. ஹேஷ்ங்கறது ஃபைலோட கைரேகை மாதிரி, ஓப்பன்சப்டைட்டில்ஸ்ங்குற சப்டைட்டில் சைட்டு படத்தோட சைஸு, முதல் 64 கேபி, கடைசி 64 கேபி, இத வச்சு தான் அடையாளம் பாக்குது, ஃபைல் பேர எப்படி மாத்துனாலும் கண்டுபிடிச்சுரும், ஆனா முன்னாடி விளம்பரத்த கொஞ்சம் வெட்டுனீங்கன்னா போச்சு, அப்ப பேர் வச்சு தான் தேடணும். தமிழ் சப்டைட்டில் தேடுறவங்க வந்த எழுத்து கேள்விக்குறியா தெரிஞ்சா எஸ்ஆர்டிய (சப்டைட்டில் ஃபைல) நோட்பேட்ல தொறந்து யுடிஎஃப்-8ல சேவ் பண்ணி பாருங்க.

டயலாக்குக்கு முன்ன பின்ன எழுத்து வந்தா விண்டோஸ், லினக்ஸ் விஎல்சில ஜி அமுக்குனா சீக்கிரம் வரும், எச் அமுக்குனா தள்ளி வரும், ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்ட். ஆரம்பத்துல சரியா இருந்து போகப்போக விலகுதுன்னா தட்டி பிரயோஜனம் இல்ல, அது செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடுற படத்துக்கு செஞ்சத 23.976 ஃப்ரேம் படத்துல போட்டதா இருக்கும், ஒரு மணி நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடிப்போயிரும். அத தூக்கிட்டு லிஸ்ட்ல அடுத்தத எடுங்க.